அண்ணனுக்கு ஆயிரம், தம்பிக்கு எண்பது: ஆன்டிபாடி எண் சொல்வதும் சொல்லாததும்

2021 ஜூன் கடைசி. நாகர்கோவிலில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் ரிப்போர்ட் வாங்க வந்தார்கள். இருவரும் மீன்பிடிக்கிறவர்கள். மே மாதம் வீட்டில் எல்லோருக்கும் கொரோனா வந்துபோயிருந்தது. அண்ணன் பதினொரு நாள் ஆக்சிஜனில் கிடந்து பிழைத்தவர். தம்பிக்கு இரண்டு நாள் தடிமன், கொஞ்சம் உடம்பு வலி, அதோடு சரி.

அண்ணனுடைய ஆன்டிபாடி எண் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. தம்பிக்கு எண்பது சொச்சம். தம்பி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆஸ்பத்திரியில கெடந்தவருக்கு இவ்ளவு சத்து, தெனமும் வலை இழுக்குத எனக்கு இம்புட்டுதானா? பேர மாத்திப் போட்டுட்டியளா, பாருங்க தம்பி" என்றார். பெயர் மாறவில்லை. அண்ணன் முகத்தில் மட்டும் ஒரு சின்னப் பெருமை.

வரிசை நீளமாக இருந்ததால் "ரெண்டும் நல்லதுதான் அண்ணே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது பதிலே இல்லை என்று எனக்கும் தெரியும். ஆன்டிபாடி அதிகம் என்றால் பலசாலி, குறைவென்றால் நோஞ்சான் என்ற எண்ணம் அப்போதும் இருந்தது, இப்போதும் டீக்கடைப் பேச்சில் இருக்கிறது. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

ஒரு குளம் உடைகிறது

நம் மாவட்டத்தில் குளங்களுக்குப் பஞ்சமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாமல் பிடித்தால், மறுகால் பாய்ந்தும் தாங்காமல் எங்காவது ஒரு குளத்தங்கரை விரிசல் விடும். 2021 நவம்பர் மழையில் பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது. கரை உடைந்தால் ஊரே மணல் மூட்டையோடு ஓடும்.

மழை விட்டபிறகு போய்ப் பாருங்கள். ஒரு குளத்தங்கரையில் இருபது மூட்டை கிடக்கும், இன்னொன்றில் ஐந்நூறு கிடக்கும். கீழே இருக்கும் ஏலா, அதாவது வயல்வெளி, எந்தக் குளத்தால் அதிகம் முங்கியிருக்கும்? ஐந்நூறு மூட்டை கிடக்கிற குளத்தால்தான். மூட்டை போட்டதாலா வயல் முங்கியது? உடைப்பு பெரிது, அதனால் அத்தனை மூட்டை கேட்டது. இருபது மூட்டை போட்ட ஊர்க்காரர்களைச் சோம்பேறிகள் என்றும் சொல்ல முடியாது. விரிசல் விரல் அளவில் இருக்கும்போதே யாரோ பார்த்து அடைத்துவிட்டார்கள்.

அண்ணனின் ஆயிரம், மழை விட்டபிறகு எண்ணிய மூட்டைக் கணக்கு. தம்பியின் எண்பதும் அப்படித்தான். இந்தக் குளத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப இங்கேதான் வரப்போகிறோம்.

ஆன்டிபாடி என்பது என்ன

ஆன்டிபாடி என்பது ரத்தத்திலும் சளியிலும் மிதக்கும் ஒரு புரதம். பாடப்புத்தகத்தில் எதிர்ப்பொருள் என்று படித்திருப்பீர்கள். ஆங்கில எழுத்து ஒய் போன்ற வடிவம். கவட்டையின் இரண்டு நுனிகளும் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் மட்டும்தான் ஒட்டும், ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பதுபோல. அது ஒட்டிக்கொள்ளும் அந்நியப் பொருளுக்கு ஆன்டிஜன் என்று பெயர். 1890ல் பேரிங், கிட்டசாட்டோ இருவரும் தொண்டையடைப்பான், டெட்டனஸ் நச்சுகளை முறிக்கும் ஏதோ ஒன்று ரத்தநீரில் இருப்பதைக் காட்டினார்கள். அந்த ஏதோ ஒன்றுதான் இது.

இதைச் செய்வது பி செல்கள் என்னும் வெள்ளையணுக்கள். வைரஸ் உள்ளே வந்ததும், அதற்குப் பொருந்தும் சாவியை வைத்திருக்கிற பி செல் எது என்று தேடி, அதைப் பெருக்கி, உற்பத்தியைத் தொடங்க வேண்டும். புதிய வைரஸ் என்றால் இதற்கு ஒரு வாரம், பத்து நாள் பிடிக்கும். பழைய வைரஸ் என்றால் நினைவு செல்கள் இருக்கும். பத்தாயத்தில் எடுத்து வைத்த விதை நெல் மாதிரி, மழை பார்த்ததும் விதைத்துவிடலாம்.

ஆன்டிபாடியில் வகைகள் உண்டு. நமக்கு மூன்று போதும். ஐஜிஎம், அவசரத்துக்கு முதலில் வரும் வகை. ஐஜிஜி, பின்னால் வந்து மாதக்கணக்கில் நிற்கும் வகை. லேப் ரிப்போர்ட்டில் பெரும்பாலும் பார்ப்பது இதைத்தான். ஐஜிஏ, மூக்கு, தொண்டை, நுரையீரல் குழாய்களின் ஈரப்பரப்பில் காவல் நிற்கும் வகை. சளி, காய்ச்சல் வைரஸ்கள் நுழைகிற வாசலில் நிற்பது ஐஜிஏதான். ஆனால் கையில் ஊசி குத்தி எடுத்த ரத்தத்தில் மூக்கின் நிலவரம் முழுதாகத் தெரியாது. இதைப் பலரும் யோசிப்பதில்லை.

அதிகம் ஏன் கடுமையோடு சேர்ந்து வருகிறது

2020ல் உலகம் முழுக்கப் பல மருத்துவமனைகள் ஒரே விஷயத்தைக் கவனித்தன. கொரோனாவில் மோசமாகப் பாதிக்கப்பட்டவர்களின் ரத்தத்தில், லேசாக வந்துபோனவர்களைவிட ஆன்டிபாடி கூடுதலாக இருந்தது. முதலில் கேட்டவர்களுக்குக் குழப்பமாகத்தான் இருந்தது.

காரணம் குளத்தங்கரைக் கணக்குதான். வைரஸ் அதிகம் பெருகினால் ஆன்டிஜன் அதிகம். ஆன்டிஜன் அதிகமானால் பி செல்களுக்கு உத்தரவு அதிகம். லேசான நோயில் ஆன்டிபாடி தயாராகும் முன்பே வேறு படைகள் வைரஸை அடக்கிவிடுகின்றன. ஒன்று இன்டர்ஃபெரான், அதைப் பிறகு பார்ப்போம். இன்னொன்று டி செல்கள், வைரஸ் புகுந்த நம் செல்களையே கண்டுபிடித்து அழிக்கும் வெள்ளையணுக்கள். இத்தாலியில் பிறவியிலேயே பி செல் இல்லாத இரண்டு பேருக்குக் கொரோனா வந்தது. ஆன்டிபாடி செய்யவே முடியாத உடம்பு. நிமோனியா வந்தது, ஆனால் இருவரும் பிழைத்தார்கள். அதற்காக ஆன்டிபாடி வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. "எதிர்ப்பு சக்தி" என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதில் பல ஆட்கள் இருக்கிறார்கள், லேப் ரிப்போர்ட் ஒருவரைத்தான் எண்ணுகிறது.

சரி, இதுவரை வந்தது இவ்வளவுதான்: நோய் முடிந்தபிறகு எடுத்த எண், நோய் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதன் தடயம். நடந்ததைச் சொல்லுமே தவிர, நடக்கப்போவதைச் சொல்லாது.

அப்படியானால் ஆன்டிபாடியைப் பார்த்து நோய் எங்கே போகும் என்று முன்கூட்டியே சொல்லவே முடியாதா? முடியும். ஆனால் அதற்கு எத்தனை என்ற கேள்வி அவ்வளவாக உதவாது. எப்போது வந்தது, எங்கே ஒட்டுகிறது, யாரைத் தாக்குகிறது என்று கேட்க வேண்டும்.

எப்போது வந்தது: முதல் மணி நேரத்து மூட்டை

மூன்றில் முக்கியமானது இதுதான்.

விரிசல் விட்ட முதல் மணி நேரத்தில் வந்த பத்து மூட்டை, மறுநாள் லாரியில் வந்த ஐந்நூறைவிட மேல். கொரோனா நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021ல் கிட்டத்தட்ட இதையேதான் கண்டார்கள். வைரஸை முடக்கும் ஆன்டிபாடி அறிகுறி தொடங்கி பதினான்கு நாளுக்குள் வந்தவர்கள் தேறினார்கள். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு, கடைசியில் அளவு எவ்வளவு ஏறினாலும், அது பெரிதாகக் கைகொடுக்கவில்லை. மொத்த அளவைவிட வந்த வேகம்தான் முடிவோடு ஒத்துப்போனது.

இதைவிடப் பெரிய சான்று பிரிட்டனின் ரெகவரி ஆய்விலிருந்து வந்தது. மருத்துவமனையில் சேர்ந்த 9,785 கொரோனா நோயாளிகள். சேர்ந்தபோதே ஆன்டிபாடி இருக்கிறதா, இன்னும் வரவில்லையா என்று பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில், ஆன்டிபாடி வந்திருந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 15 சதவீதம். வராதவர்களில் 30 சதவீதம். சரியாக இரண்டு மடங்கு. ஒருவர் மூச்சுத்திணறலோடு படுக்கையில் வந்து விழும் நேரத்தில் உடம்பில் ஆன்டிபாடி இல்லை என்றால், அது கெட்ட அறிகுறி.

அதே ஆய்வில் இன்னொன்றும் செய்தார்கள். தொழிற்சாலையில் தயாரித்த இரண்டு ஆன்டிபாடிகளைக் கலந்து ஊசியாகக் கொடுத்தார்கள். ஏற்கெனவே சொந்தமாக ஆன்டிபாடி வைத்திருந்தவர்களுக்கு அதனால் பயன் தெரியவில்லை. இல்லாதவர்களுக்கு மட்டும் இறப்பு 30லிருந்து 24 சதவீதமாக இறங்கியது. மூட்டை இல்லாத கரைக்கு மூட்டை கொண்டுபோனால்தான் உதவி.

இப்போது பிளாஸ்மா சிகிச்சையை நினைத்துப் பாருங்கள். தேறியவரின் ரத்தநீரை எடுத்து நோயாளிக்கு ஏற்றுவது. 2020, 2021ல் வாட்ஸ்அப்பில் "ஏ பாசிட்டிவ் பிளாஸ்மா அவசரம்" என்ற செய்தி வராத நாளில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 பேரை வைத்துச் செய்த ஆய்வில், அது நோய் முற்றுவதையோ இறப்பையோ குறைக்கவில்லை. அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் உடம்பில் அதற்குள் சொந்த ஆன்டிபாடியே வந்திருந்தது. 2021 மே மாதம் நாட்டின் சிகிச்சை நெறிமுறையிலிருந்து பிளாஸ்மா எடுக்கப்பட்டது. அர்ஜென்டினாவில் நடந்த ஒரு சிறிய ஆய்வு வேறு கதை சொன்னது: 160 முதியவர்கள், லேசான அறிகுறி தொடங்கி மூன்று நாளுக்குள், ஆன்டிபாடி செறிந்த பிளாஸ்மா. ஏற்றியவர்களில் 16 சதவீதத்தினருக்கும், ஏற்றாதவர்களில் 31 சதவீதத்தினருக்கும் மூச்சு விடுவதில் கடும் பாதிப்பு வந்தது. ஒரே மருந்துதான், நாள்தான் வேறு.

ஏன் நாள் இவ்வளவு முக்கியம்? கொரோனாவில் வைரஸ் உச்சத்துக்குப் போவது அறிகுறி தொடங்கும் சமயத்தை ஒட்டியே. நுரையீரல் மோசமாவது பெரும்பாலும் இரண்டாவது வாரம். அப்போது சேதம் செய்வதில் வைரஸைவிட, கட்டுமீறிப் போன நம் சொந்த வீக்கத்துக்குத்தான் பங்கு அதிகம். வீக்கம் என்பது சண்டை நடக்கும் இடத்தில் ரத்தமும் நீரும் வெள்ளையணுக்களும் வந்து குவிவது. மூச்சுப்பைகளில் அது நடந்தால் காற்றுக்கு இடமில்லை. வெள்ளம் வீட்டுக்குள் வந்துவிட்டது, இனிக் குளத்தங்கரையை அடைத்து ஏலாவைக் காப்பாற்ற முடியாது.

எங்கே ஒட்டுகிறது: மடை தெரியாமல் போட்ட மூட்டை

ஆன்டிபாடி வைரஸின் எந்தப் பாகத்தில் வேண்டுமானாலும் ஒட்டலாம். கொரோனா வைரஸ் நம் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் முள் போன்ற பாகம் ஸ்பைக். அதன் நுனியில் ஒட்டினால் கதவு அடைபடும். இப்படி நுழைவையே தடுப்பதை முடக்கும் ஆன்டிபாடி என்கிறோம். வைரஸுக்குள்ளே மரபுப்பொருளைச் சுற்றிக்கொண்டிருக்கும் புரதத்தில் ஒட்டுகிற ஆன்டிபாடியும் ஏராளமாக வரும். எண்ணிக்கையில் சேரும், ஆனால் கதவை அடைக்காது. உடைப்பு ஒரு பக்கம் இருக்க, மூட்டையைக் கரையின் மறுபக்கத்தில் அடுக்கியதுபோல. இறந்தவர்களையும் தேறியவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், தேறியவர்களின் முதல் பதில் ஸ்பைக் பக்கம் சாய்ந்திருந்தது. இறந்தவர்களுடையது உட்புரதத்தின் பக்கம்.

ஒட்டியும் முடக்காமல் விட்டால் சில சமயம் வீண் என்பதோடு நிற்காது. அதற்கு வேதனையான உதாரணம் ஒன்று உண்டு. குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்எஸ்வி என்ற வைரஸுக்கு, 1960களில் அமெரிக்காவில் ஃபார்மலின் போட்டுக் கொன்ற வைரஸைக் கொண்டு தடுப்பூசி செய்து பார்த்தார்கள். ஆன்டிபாடி நன்றாகவே வந்தது. ஆனால் அடுத்து உண்மையான வைரஸ் வந்தபோது, ஊசி போட்டுத் தொற்றிய குழந்தைகளில் 80 சதவீதம் மருத்துவமனையில் சேர வேண்டி வந்தது. ஊசி போடாத பிள்ளைகளில் அது 5 சதவீதம். இரண்டு குழந்தைகள் இறந்தன. அந்த ஆன்டிபாடிகளில் பெரும்பாலானவை பலமில்லாமல் ஒட்டின, முடக்கவில்லை. வைரஸோடு சேர்ந்து கட்டிக் கட்டியாக நுரையீரலில் படிந்து வீக்கத்தைக் கூட்டின. வைரஸின் புரதம் செல்லில் நுழைவதற்கு முன் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பது 2013ல் தெளிவானபிறகுதான், சரியான இடத்தைக் குறிவைக்கும் தடுப்பூசி செய்ய முடிந்தது. 2023ல் அது முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் அனுமதி பெற்றது. கர்ப்பிணிக்குப் போட்டால் தாயின் ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்குப் போய்விடும். பிறக்கும்போதே மூட்டையோடு பிறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆர்எஸ்வி கதையை எடுத்துக்கொண்டு "தடுப்பூசியே ஆபத்து" என்று பேசுகிறவர்களும் உண்டு. அவர்கள் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகு, ஆன்டிபாடி வந்ததா என்று மட்டும் பார்க்காமல், வந்தது முடக்குகிறதா என்றும் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

யாரைத் தாக்குகிறது: மணிக்கயிற்றை அறுத்தவன்

கடற்கரை ஊர்களில் ஆபத்து என்றால் கோயில் மணி அடிப்பார்கள். நேரம் தவறி மணி கேட்டால் ஊர் எழுந்துவிடும். உடம்பில் அந்த மணி இன்டர்ஃபெரான். வைரஸ் புகுந்த செல், பக்கத்துச் செல்களை எச்சரிக்க வெளியிடும் புரதம் அது. முதல் சில மணி நேரத்திலேயே அடிக்கத் தொடங்கும். ஆன்டிபாடி வரும்வரை பல நாள் ஊரைக் காப்பது இதுதான்.

2020 அக்டோபரில் ஒரு பன்னாட்டு ஆய்வுக் குழு வெளியிட்ட முடிவு மருத்துவ உலகை உலுக்கியது. உயிருக்கு ஆபத்தான கொரோனா நிமோனியா வந்த 987 பேரில் 101 பேரின் ரத்தத்தில், அவர்களுடைய சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடி இருந்தது. லேசாகவோ அறிகுறியே இல்லாமலோ வந்துபோன 663 பேரில் ஒருவருக்கும் இல்லை. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். வயது ஏற ஏற இது கூடுகிறது என்பது அடுத்த ஆண்டு தெரிந்தது. அதற்குப் பிறகு கடுமையான இன்ஃபுளுவென்சா நோயாளிகள் சிலரிடமும் இதே வகை ஆன்டிபாடி கிடைத்தது.

இவை நோயால் வந்தவை என்று சொல்வதற்கில்லை. நோய்க்கு முன்பே எடுத்து வைத்திருந்த சிலரின் ரத்தத்தில் அப்போதே இருந்தன. தடயமாக மட்டும் இல்லாமல் உண்மையிலேயே முன்கூட்டிச் சொல்கிற ஆன்டிபாடி என்று ஒன்றைக் காட்டச் சொன்னால், நான் இதைத்தான் காட்டுவேன். ஆனால் நம் ஊர் லேப்பில் கேட்கும் சாதாரண ஆன்டிபாடி டெஸ்டில் இது வராது.

ஆக, சீக்கிரம் வந்து கதவில் ஒட்டும் ஆன்டிபாடி நல்ல சகுனம். தாமதமாக வருவதும், இடம் மாறி ஒட்டுவதும், மணிக்கயிற்றை அறுப்பதும் கெட்ட சகுனம். இந்த நாலில் எதுவும் ரிப்போர்ட்டில் அச்சாகும் அந்த ஒற்றை எண்ணில் தெரியாது.

ரிப்போர்ட் கையில் இருந்தால்

எண்களை ஒப்பிடும் முன் எந்த டெஸ்ட் கிட்டில் பார்த்தது என்று பாருங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அளவுகோல். நாகர்கோவிலில் ஒரு லேப் கொடுத்த 80ம் மார்த்தாண்டத்தில் இன்னொரு லேப் கொடுத்த 800ம் ஒரே ரத்தமாகக் கூட இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2020 டிசம்பரில் பொது அளவு ஒன்றை ஏற்படுத்தியது. ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் பிஏயூ (BAU) என்று இருந்தால் அந்த அளவு.

அப்புறம், கிட் எதைத் தேடுகிறது என்பது. கோவிஷீல்டு உடம்புக்குக் காட்டுவது ஸ்பைக்கை மட்டும். உட்புரத ஆன்டிபாடியைத் தேடும் கிட்டில் அந்த ரத்தத்தைப் போட்டால் 'இல்லை' என்றுதான் வரும். இரண்டு டோஸ் போட்டும் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டதே என்று கலங்கி வந்தவர்கள் என்னிடமே பலர். கோவாக்சின் முழு வைரஸைக் கொன்று செய்தது என்பதால் அதில் இரண்டும் வரலாம்.

காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் ஆன்டிபாடி டெஸ்ட் எடுப்பது வீண் செலவு. உடம்பு இன்னும் செய்யவே தொடங்கியிருக்காது. தொற்று இருக்கிறதா என்று பார்க்க மூக்கில் எடுக்கும் டெஸ்ட்தான். ஆறு மாதம் கழித்து எண் இறங்கியிருக்கிறதே என்றும் பயப்பட வேண்டாம். வயலில் நெல் நிற்கவில்லை, பத்தாயத்தில் விதை இருக்கிறது.

காலியாக விட்ட கட்டம்

ரத்த மாதிரியோ மூக்கு மாதிரியோ, லேப்புக்கு வரும் படிவத்தில் 'அறிகுறி தொடங்கிய நாள்' என்று ஒரு கட்டம் இருந்தது. நூற்றுக்கு எண்பது படிவத்தில் அது காலியாக வரும் என்று என் கை சொல்லும். மீதியில் பாதி, அன்றைய தேதியையே எழுதியிருக்கும். மேலே சொன்ன கணக்கெல்லாம் எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறதோ, அந்த நாள்.

செப்டம்பரில் அந்தத் தம்பி தன் அம்மாவுக்குச் சர்க்கரை டெஸ்ட் எடுக்க மறுபடி வந்தார். அன்றைக்குக் கூட்டம் இல்லை. உட்கார வைத்துக் குளம், மூட்டை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் நான் ஒன்று கேட்டேன்: "அண்ணனுக்குப் பனி எப்பம் தொடங்கிச்சு?" எங்கள் பக்கத்தில் காய்ச்சலுக்குப் பனி என்றுதான் பெயர்.

தேதி அவருக்கு நினைவில்லை. விரல் விட்டார். "ஞாயித்துக்கெழமை பூசைக்குப் போயிட்டு வந்து சோறு வேண்டாம்னு படுத்தாரு. திங்கள் வள்ளம் எறக்கல. அந்த வாரம் பூரா எறக்கல. மதினி கஷாயம் வச்சுக் குடுத்துது. மறு ஞாயிறு பூசைக்கும் வரல. செவ்வாக்கெழமதான் மூச்சு வாங்குதுன்னு ஆட்டோ புடிச்சோம்."

"எத்தனை நாளு?"

இன்னொரு முறை எண்ணினார். "ஒம்பது" என்றார்.